ருமேனிய கிராமத்தை அறிய எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

ருமேனிய கிராமம் என்றதும் கைக்கு எளிதில் கிடைப்பவை பயண நூல்கள். மரக் கோயில்களும் வைக்கோல் போர்களும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்த மக்களுக்கு நிலம் என்னவாக இருந்தது, அது எப்படிக் கைவிட்டுப் போனது என்று தெரியாமல் படித்தால் அழகு மட்டுமே மிஞ்சும். அதனால் அந்த மண்ணில் பிறந்தவர்கள் எழுதிய நாவல்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

சடங்குகளை அறிய: மிஹாய்ல் சதொவேயானுவின் 'கோடரி' (1930). ஆடு வாங்கப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி விதோரியா மகனை அழைத்துக்கொண்டு மொல்தாவிய மலைகளில் தேடிப் போகிறாள். வழியில் ஒரு ஞானஸ்நானம், அப்புறம் ஒரு கல்யாணம். மனத்தில் எவ்வளவு பாரம் இருந்தாலும் இரண்டிலும் முறை தவறாமல் கலந்துகொள்கிறாள். கடைசியில் கணவனை அடக்கம் செய்த அன்று, சாவு விருந்திலேயே கொலையாளியைப் பேச்சால் மடக்குகிறாள். சிறிய நாவல், துப்பறியும் கதையின் வேகம். முதல் வாசிப்புக்கு இதுவே பொருத்தம்.

நிலப் பசியை அறிய: லிவியு ரெப்ரேயானுவின் 'இயோன்' (1920). களம் ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சியிலிருந்த திரான்சில்வேனியா. ஏழை விவசாயி இயோன், மனதுக்குப் பிடித்தவளை விட்டுவிட்டு, நிலத்துக்காகவே பணக்காரர் மகள் ஆனாவை மணக்கிறான். நிலம் கைக்கு வந்ததும் வயலில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான். விவசாயி ஒருவர் அப்படி முத்தமிட்டதை நேரில் கண்டதிலிருந்துதான் நாவல் பிறந்ததென்று ரெப்ரேயானு சொல்லியிருக்கிறார். கனமான கதை, ஆனா படும் பாடு நெஞ்சை அறுக்கும்.

குடும்பம் உடைவதை அறிய: மரின் ப்ரேதாவின் 'மொரொமெத்ஸி', முதல் பாகம் 1955, இரண்டாவது 1967. தன்யூப் சமவெளிக் கிராமம். ஞாயிற்றுக்கிழமை கொல்லன் பட்டறையில் கூடிச் செய்தித்தாள் வாசித்து அரசியல் பேசும் விவசாயிகளை இதில்தான் பார்க்கலாம். வரியும் கடனும் நெருக்க, மூத்த தாரத்துப் பிள்ளைகள் தகப்பனை விட்டுப் புகாரெஸ்ட் போகிறார்கள். பொறுமை வேண்டும், ஆனால் மூன்று நாவல்களில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான்.

கதையைத் தாண்டி ஆய்வு வேண்டுமென்றால் இரண்டு நூல்கள். கெயில் கிளிக்மனின் 'இறந்தோரின் திருமணம்' (1988), மரமுரேஷ் பகுதியின் இயேவுத் கிராமத்தைப் பற்றியது. கல்யாணம் ஆகாமல் இறந்தவரை மணக்கோலத்தில் வழியனுப்பும் வழக்கத்தை நுணுக்கமாக விளக்குகிறது. அவரே கேத்தரின் வெர்டரியோடு சேர்ந்து எழுதிய 'முற்றுகையில் விவசாயிகள்' (2011), 1949 முதல் 1962 வரை நடந்த கூட்டுப்பண்ணையாக்கத்தின், அதாவது விவசாயிகளின் நிலத்தைப் பொதுப் பண்ணைகளில் சேர்த்ததன் வரலாறு. வசதியான விவசாயிகளுக்கு வர்க்க எதிரி என்று முத்திரை குத்தியதும், மற்றவர்களை மிரட்டியும் நயந்தும் கையெழுத்து வாங்கியதும் இதில் உண்டு. பண்பாட்டில் ஆர்வமுள்ளவர் முன்னதையும், அரசியலில் ஆர்வமுள்ளவர் பின்னதையும் எடுக்கலாம்.

பயண நூல்தான் வேண்டுமென்றால், மரமுரேஷ் கிராமத்தவரோடு வாழ்ந்த ஆங்கிலேயர் வில்லியம் பிளாக்கரின் 2009ஆம் ஆண்டு நூல் இருக்கிறது. அன்போடு எழுதியிருக்கிறார், ஆனாலும் அதைக் கடைசியில் படியுங்கள்.

ஒன்றுக்குத்தான் நேரமென்றால் 'கோடரி'. இரண்டு படிக்க முடிந்தால் அதோடு 'மொரொமெத்ஸி'. முதலாவது அந்த வாழ்வைத் தாங்கி நின்ற ஒழுங்கைக் காட்டும். இரண்டாவது, அது ஏன் நிலைக்கவில்லை என்பதைப் புரியவைக்கும்.