ஆறாத புண்ணும் ஆக்சிஜன் அறையும்



"வீட்டுக்காரருக்கு கால் புண்ணு மூணு மாசமா ஆறலை சார். ஆக்சிஜன் ரூமுக்குள்ள படுக்க வச்சா ஆறிடுமாம், முப்பது தடவை போகணுமாம். சங்கத்துல கடன் கிடைக்குமா?" என்று தாடிக்கொம்புப் பகுதிக் கூட்டம் ஒன்றில் ஒரு உறுப்பினர் கேட்டார். கடன் தருவது குழுவின் முடிவு. ஆனால் எதற்குத் தருகிறோம் என்று தெரிந்து தர வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

இந்தச் சிகிச்சை பொய் இல்லை. இறுக்கமாக மூடிய அறைக்குள் நோயாளியை வைத்து, காற்றழுத்தத்தை இரண்டு முதல் இரண்டரை மடங்கு வரை ஏற்றுவார்கள். கிணற்றுத் தண்ணீருக்குள் 33 அடி ஆழம் முங்கினால் உடம்பின் மேல் எவ்வளவு அழுத்தமோ, அதுதான் இரண்டு மடங்கு. உள்ளே ஒன்றரை மணி நேரம் போல சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும். நாம் சாதாரணமாக இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்குதான் ஆக்சிஜன். கோலி சோடாவில் அழுத்தி அடைத்த காஸ் தண்ணீரில் கரைந்து நிற்கிறது பாருங்கள், அதுபோல இங்கே ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரைந்து புண் வரை போகிறது. புதுச் சதை வளரவும் கிருமி சாகவும் அது உதவும். வாரம் 5 நாள் வீதம் 20 முதல் 40 தடவை வரை போக வேண்டியிருக்கும்.

கொடைக்கானல் பஸ்ஸில் காது அடைப்பது போல உள்ளேயும் அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகும். நெருப்புதான் பெரிய ஆபத்து. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் சின்னப் பொறியும் பெருந்தீயாகும். தலைக்கு எண்ணெய், நைலான் சேலை, செல்போன் எதுவும் ஆகாது. அவர்கள் தரும் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2025 ஜனவரியில் இப்படி ஒரு அறை தீப்பிடித்து 5 வயதுச் சிறுவன் இறந்துபோனான்.

சரி, புண் ஏன் ஆறவில்லை? சர்க்கரை பல வருஷமாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். சீமைக்கருவேல முள் ஏறினாலும் தெரியாது, மத்தியானம் கோயில் பிரகாரத்துக் கல் சுட்டாலும் தெரியாது. "வலிக்கவே இல்லையே" என்று அதே காலோடு காட்டு வேலைக்கும் பழனி பாதயாத்திரைக்கும் போகிறோம். சிலருக்கு ரத்தக்குழாயே அடைத்திருக்கும். வாய்க்கால் அடைத்துக் கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? முதலில் அடைப்பை எடுக்க வேண்டும்.

இந்த உணர்ச்சி விஷயத்தை உலகத்துக்குக் காட்டியதில் நம் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால் புண் ஆறவே ஆறாது என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். அவர் கண்டது வேறு. வலி தெரியாததால் அதே இடத்தை மிதித்து மிதித்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். மாவுக்கட்டுப் போட்டு அந்த இடத்தில் பாரம் படாமல் செய்தார், புண் ஆறியது! அந்தக் கட்டும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பும் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படுகின்றன. ஆக்சிஜன் அறையில் ஒன்றரை மணி நேரம் படுத்துவிட்டு, மீதி நேரம் எல்லாம் புண்ணை மிதித்து நடந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

2010-ல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டு ஆய்வில், ஏற்கெனவே நல்ல சிகிச்சை எடுத்தும் புண் ஆறாத 94 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில், ஆக்சிஜன் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 52 பேருக்குப் புண் முழுதாக ஆறியது; அதே அறையில் வெறும் காற்று கொடுத்தவர்களில் 29 பேருக்கு ஆறியது. 2018-ல் நெதர்லாந்தில் ரத்த ஓட்டம் குறைந்த 120 பேரிடம் பார்த்தபோது, காலைக் காப்பாற்றுவதில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இது சிலருக்கு, மற்றதெல்லாம் செய்த பிறகு, துணைக்கு வரும் சிகிச்சை. முதல் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கடன் மனு வந்தால் குழுவில் இதைக் கேளுங்கள். சர்க்கரை இப்போது எவ்வளவு? காலில் ரத்த ஓட்டம் பார்த்தார்களா? செத்த சதையை டாக்டர் வெட்டிச் சுத்தம் செய்தாரா? பாரம் படாமல் கட்டோ செருப்போ கொடுத்தார்களா? இவை நடக்கவில்லை என்றால் முதலில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். அதற்குப் பஸ் செலவுக்கு உள்கடன் கொடுத்தாலே போதும். அதன் பிறகும் ஆக்சிஜன் அறை வேண்டும் என்று புண்ணைப் பார்க்கும் டாக்டரே எழுதித் தந்தால், மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு செலவு, முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிட்டுத் தீர்மானம் எழுதுங்கள்.

புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, கால் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, எருக்கம்பால் வேண்டாம். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், வெந்துபோனாலும் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும், சர்க்கரை உள்ளவர்கள் செருப்பைக் கழற்றிப் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் ஒருவருக்கொருவர் பாருங்கள். வீட்டில் தினமும் ராத்திரி பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். செருப்பைப் போடும் முன் உதறுங்கள். இரண்டு வாரத்தில் சுருங்காத புண் யாருக்காவது இருந்தால், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் அன்றே காட்டுங்கள். அவரும் பெரும்பாலும் நம்மைப் போல ஒரு குழு உறுப்பினர்தான்.