எலியின் குரல் எங்கே பிறக்கிறது?

கேள்வி: கிச்சுகிச்சு மூட்டினால் எலி சிரிக்கும் என்று படித்தேன். எங்கள் வீட்டுப் பரணில் ஓடும் எலிகளோ எப்போதாவதுதான் கீச்சிடுகின்றன. எலியின் குரலையும் செவியையும் மூளையின் எந்தப் பகுதி நடத்துகிறது?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: பரணில் இருக்கும் எலிகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கலாம், நமக்குத்தான் கேட்காது. மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. வளர்ந்த எலி அஞ்சும்போது எழுப்பும் நீண்ட ஒலி 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். விளையாட்டிலும் இணை தேடும்போதும் வருபவை 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய துண்டு ஒலிகள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. 1990களின் பிற்பகுதியில் யாக் பாங்க்செப்பும் ஜெஃப்ரி பர்க்டார்ஃபும் அமெரிக்காவில் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டிப் பதிவுசெய்தது இந்த இரண்டாம் வகையை.

நம் காதுக்கு எட்டாத இந்த மீயொலி குரல்நாண் அதிர்ந்து வருவதன்று. குரல்வளையை இறுக்கி, அதன் வழியே மூச்சை விடும்போது பிறக்கும் சீழ்க்கை அது. 1975இல் வெளியான ஆய்வில் கொறிக்கும் விலங்குகளை ஹீலியம் கலந்த லேசான காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள்; சுருதி ஏறிவிட்டது. நாண் அதிர்ந்து வரும் ஒலியாக இருந்தால் அப்படி ஏறியிருக்காது. நம் காதுக்கு எட்டும் கீச்சு மட்டும் நாண்களின் அதிர்வு.

சீழ்க்கையடிக்க மூச்சும் குரல்வளையும் ஒரே கணத்தில் இசைய வேண்டும். இசைய வைப்பது மூளைத்தண்டு. முகுளத்தில் உள்ள நியூக்ளியஸ் அம்பிகுவஸ் என்ற நரம்பணுத் தொகுதி, வேகஸ் நரம்பின் கிளைகள் வழியாகக் குரல்வளைத் தசைகளை இயக்குகிறது. குரல்வளைக்குப் போகும் அந்தக் கிளைகளை வெட்டினால் எலியின் மீயொலி நின்றுபோகிறது. நியூக்ளியஸ் அம்பிகுவஸை ஒட்டியுள்ள ரெட்ரோஅம்பிகுவஸ் பகுதி, மூச்சை வெளித்தள்ளும் தசைகளையும் சேர்த்து ஆள்கிறது. இவற்றுக்கு மேலே, நடுமூளையில் இருக்கும் பெரிஅக்வடக்டல் கிரே என்ற பகுதியிலிருந்துதான் குரல் எழுப்பும் ஆணை வருகிறது. பெர்லினில் மைக்கேல் பிரெக்டின் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், கிச்சுகிச்சு மூட்டும்போது இப்பகுதியின் பக்கவாட்டு நரம்பணுக்கள் துடிப்பாக இயங்கின. அவற்றை அடக்கியபோது விளையாட்டும் குறைந்தது.

ஆணை வந்தாலும் மூச்சுக்குத்தான் முதலிடம். எலியின் நெருங்கிய உறவான சுண்டெலியில் எம்ஐடியைச் சேர்ந்த ஃபேன் வாங் குழு 2024இல் இதைக் காட்டியது. ரெட்ரோஅம்பிகுவஸ் நரம்பணுக்களைத் தூண்டிக்கொண்டே இருந்தார்கள்; சுண்டெலி குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் மூச்சை உள்ளிழுக்கும் நேரம் வந்ததும் குரல் தானாக அறுந்தது. மூச்சின் தாளத்தை உருவாக்கும் ப்ரீபோட்சிங்கர் பகுதி குரல் நரம்பணுக்களை அந்த நேரத்தில் அடக்கிவிடுகிறது. பாடகர் எவ்வளவு நீளமாக ஆலாபனை செய்தாலும் ஓர் இடத்தில் மூச்சு எடுத்தே ஆக வேண்டியிருப்பதும் இதே முன்னுரிமையால் இருக்கலாம். மூளைத்தண்டை வெறும் கம்பிவடம் போலப் பாடநூல்கள் கடந்துபோவது நியாயமில்லை.

இனி செவி. உட்செவியிலிருந்து வரும் செய்தி முதலில் சேர்வதும் மூளைத்தண்டில்தான். எலியின் தலை சிறியது. ஒலி ஒரு காதை எட்டி மறு காதை அடையும் கால வித்தியாசம் மிக அற்பம். அதனால் உயர் ஒலிகளில் எந்தக் காதில் சத்தம் கூடுதல் என்பதை வைத்தே திசையை அறிகிறது. ஒரு காதின் தூண்டலும் மறு காதின் தடுப்பும் மூளைத்தண்டின் மேல் ஆலிவரி தொகுதியில் சந்திக்கின்றன. தடுப்புச் செய்தி நரம்பணு மாறி வந்தாலும் பிந்திவிடக் கூடாது. அதற்காகவே அந்த வழியில் ஒரு ராட்சத நரம்புச் சந்தி உண்டு. ஹான்ஸ் ஹெல்ட் 1893இல் விவரித்ததால் அவர் பெயரையே தாங்கும் இந்தச் சந்தியை எலியில்தான் மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

திடுக்கிடுதலும் மூளைத்தண்டிலேயே முடிந்துவிடுகிறது. பலத்த ஓசை கேட்ட எலியின் தசை நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் துடிக்கிறது. செய்தி பெருமூளைப் புறணி வரை ஏறி இறங்குவதில்லை.

ஆனால் எப்போது பேசுவது என்பதை மூளைத்தண்டு தனியாக முடிவு செய்வதில்லை; கேட்கத் துணை இருக்கிறதா என்பதும் கணக்கில் வருகிறது. 1991இல் ஹவாயில் பிளான்சார்ட் தம்பதியர், கூட்டமாக வாழ்ந்த எலிகளுக்குப் பூனையைக் காட்டினார்கள். எலிகள் வளைக்குள் ஓடி நெடுநேரம் 22 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பின. பூனையைத் தனியாகச் சந்தித்த எலிகள் அவ்வாறு எழுப்பவில்லை.

பரண் எலியைக் கேட்க விரும்பினால், சாதாரணக் கைபேசிப் பதிவு 50 கிலோஹெர்ட்ஸை எட்டாது. வௌவால் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் மீயொலிக் கருவியை உங்கள் விலங்கியல் துறையில் கேட்டுப் பாருங்கள்.