எங்கோ வெடித்த உலை, எங்கோ மேய்ந்த ஆடு



நம் குழுக்களில் ஆட்டுக் கடன் வாங்காத குழு அரிது. வளர்த்த ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போகும்போது, "இதை விற்கக் கூடாது, கறியில் நஞ்சு இருக்கு" என்று அதிகாரி மறித்தால் நமக்கு எப்படி இருக்கும்? 1986-ல் பிரிட்டனில் உள்ள வேல்ஸ் மலைப்பகுதி விவசாயிகளுக்கு இதுதான் நடந்தது.

அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 26-ம் தேதி, அன்றைய சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. அந்த இடம் இப்போது உக்ரைனில் இருக்கிறது. அங்கிருந்து வேல்ஸ் சுமார் 2,300 கிலோமீட்டர். நமக்குக் கன்னியாகுமரியிலிருந்து டெல்லி எவ்வளவு தூரமோ, அவ்வளவு!

உலையின் சூட்டில் மேலே எழும்பிய கதிரியக்கத் துகள்களைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. ஸ்வீடன் நாட்டு அணுமின் நிலையம் ஒன்றில், இரண்டே நாளில் தொழிலாளி ஒருவரின் செருப்பு பட்டு எச்சரிக்கை மணி அடித்ததாம். மே மாதத் தொடக்கத்தில் வேல்ஸ் மலைகளில் நல்ல மழை. காற்று சுமந்து வந்ததை மழை தரையில் இறக்கிவிட்டது.

மூன்று வாரத்தில் சரியாயிடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் ஆகவில்லை. காரணம் மண். களிமண்ணாக இருந்தால் சீசியம் என்ற அந்தப் பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், செடிக்கு விடாது. மலை மேலே இருந்ததோ மக்கிய தழை நிறைந்த, புளிப்பான கரிய மண். அது பிடித்து வைக்காது. வேர் உறிஞ்ச, புல்லுக்கு வந்தது. புல்லை மேய்ந்த செம்மறி ஆட்டுக்கு வந்தது. சாணத்தில் விழுந்து மறுபடி மண்ணுக்கே போனது. சீசியம் பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும்.

ஒரே ஒரு வழி இருந்தது. ஆட்டைப் பள்ளத்தாக்குப் புல்லில் சில வாரம் மேயவிட்டால் உடம்பிலிருந்து இறங்கிவிடும். ஆகவே, ஒவ்வொரு ஆட்டையும் கருவி வைத்துப் பார்த்து, அளவு மீறியதற்குச் சாயம் பூசினார்கள். இந்தத் தொல்லைக்கு அரசு கொடுத்த ஈடு, ஆட்டுக்கு 1 பவுண்டு 30 பென்ஸ். நம்மைக் கேட்டால் அது ரொம்பக் குறைவு.

பிரிட்டன் முழுக்க 9,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள் இதில் மாட்டின. கடைசிப் பண்ணைக்கும் தடை நீங்கியது 2012-ல்தான்.