நல்லூர்த் திருவிழாவும் வழுக்கையாற்றுக் கமக்காரரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்று கூறுவோர் பலர். அக்கூற்று முற்றிலும் சரியன்று. மாரிகாலத்தில் தெல்லிப்பழை, அளவெட்டிப் பகுதிகளில் வீழும் மழைநீர் தாழ்ந்த நிலங்களின் வழியே திரண்டு, கந்தரோடை, சங்குவேலி, சண்டிலிப்பாய், நவாலி ஆகிய ஊர்களின் வயல்களுக்கூடாகத் தென்மேற்கே சென்று, அராலிக்கு அண்மையிற் கடனீரேரியைச் சேர்கின்றது. இதுவே வழுக்கையாறு. மார்கழியில் இது ஆறு. ஆவணியில் இதே நிலம் மாடுகள் மேயும் தரவை. ஆற்றின் இரு மருங்கிலும் தாழ்ந்த நிலத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் வெங்காயம், மிளகாய், கத்தரி, வாழை முதலியனவும் செய்கை பண்ணப்படுகின்றன.

இந்நிலத்தைத் தேடி இப்பொழுது வெளியார் வருகின்றனர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்கான புகையிரதச் சேவை 2014 ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கியது. பலாலியில் 2019 ஆம் ஆண்டு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. வருவோரிற் பெருந்தொகையினர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் ஆண்டுத் திருவிழாவை நோக்கியே பயணத்தை வகுக்கின்றனர். திருவிழா இருபத்தைந்து நாள் நடைபெறும். பழைய கோயில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டபின், 1734 ஆம் ஆண்டளவில் இப்பொழுதுள்ள இடத்திற் கோயில் எழுந்தது. அன்றுதொட்டு இன்றுவரை ஆடி, ஆவணி மாதங்களில் நல்லூரிற் கூடும் சனத்திற்கு அளவில்லை. இக்கூட்டத்திற்கு வேண்டிய மரக்கறியையும் பழத்தையும் அருகிலுள்ள கமக்காரர் வழங்குவது எவ்வாறு, அதனால் கிணறும் வயலும் கெடாதிருப்பது எவ்வாறு என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் பொருளாகும்.

திருவிழா நாள்களில் மரக்கறியின் தேவை

குடாநாட்டுச் சைவக் குடும்பங்கள் பல திருவிழா முடியும்வரை மச்சமாமிசம் உண்பதில்லை. ஆதலால் இருபத்தைந்து நாளும் வீடுகளில் மரக்கறியே சமைக்கப்படுகின்றது. வெளிநாடுகளிலிருந்து வந்த உறவினர் தங்கும் வீடுகளிற் சமையல் இருமடங்காகும். அன்னதானத்திற்கும் உணவுச்சாலைகளுக்கும் வாழையிலை கட்டுக் கட்டாகத் தேவைப்படும். வாழைப்பழம், தேங்காய், பூ ஆகியவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை தேவை அண்மையில் இருக்கவும், தம்புள்ளையிலிருந்து லொறிகளில் மரக்கறி வந்திறங்குவதும் உண்டு. கரட், லீக்ஸ் போன்றவை மலைநாட்டிலிருந்தே வரவேண்டும். அதிற் குறை கூறுதற்கில்லை. ஆனால் வெண்டியும் பயிற்றையும் கத்தரியும் அவ்வாறு வருமாயின், உள்ளூர்ப் பயிர் காலந்தவறிக் காய்த்தது என்பதே பெரும்பாலும் காரணமாயிருக்கும்.

காலந்தவறுவது ஏன்? திருவிழாவின் தொடக்கம் திகதியைப் பின்பற்றுவதன்று, திதியைப் பின்பற்றுவது. ஆடி அமாவாசைக்குப்பின் ஆறாம் நாள் கொடியேற்றம். ஆவணி அமாவாசையன்று தீர்த்தம். எனவே கொடியேற்றம் 2023 இல் ஓகஸ்ட் 21 ஆம் திகதியும், 2024 இல் ஓகஸ்ட் 9 ஆம் திகதியும், 2025 இல் யூலை 29 ஆம் திகதியும் நிகழ்ந்தது. இரண்டு ஆண்டுகளில் இருபத்துமூன்று நாள் முன்னே வந்துவிட்டது. 2023 இல் விதைத்த அதே திகதியில் 2025 இலும் விதைத்தவருக்கு, வெண்டி நன்றாகக் காய்க்கத் தொடங்கும்போது தேர் ஓடி முடிந்திருக்கும். ஆகையாற் கமக்காரர் முதலிற் செய்ய வேண்டியது பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆடி அமாவாசையைக் குறித்துக்கொள்வதே. விதைக்கும் நாளை அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

வெண்டி விதைத்து நாற்பத்தைந்து முதல் ஐம்பது நாளில் முதற் காய் பறிக்கலாம். அதன்பின் ஒரு மாதத்திற்கு மேலாக ஒன்றுவிட்ட நாள் பறிப்பு உண்டு. ஆதலாற் கொடியேற்றத்திற்கு ஐம்பது நாள் முன்னர் விதைப்பின் திருவிழா முழுவதும் காய் கிடைக்கும். பயிற்றைக்கு ஐம்பத்தைந்து நாளும், புடோல், பாகல் ஆகியவற்றுக்கு அறுபது நாளும் கொள்க. கத்தரிக்கும் தக்காளிக்கும் நாற்றுமேடைக் காலத்தையும் சேர்த்து ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். அதாவது சித்திரை, வைகாசியிலேயே மேடை போடப்படல் வேண்டும். முளைக்கீரை இருபத்தைந்து நாளிற் பிடுங்கத்தக்கது. அதனை ஒரே நாளில் விதைத்து ஒரே நாளிற் சந்தைக்குக் கொண்டுசென்று விலையை வீழ்த்துவதைவிட, கிழமைக்கு ஒரு பாத்தியாக விதைப்பது நலம்.

வாழையிலையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இலைக்கு நல்ல விலை கிடைக்கின்றதென்று குலை போட்ட மரத்தின் இலைகளை வெட்டுவோர் உளர். குலை சிறுத்துவிடும், இலையிற் பெற்றதைப் பழத்தில் இழப்பர். இலைக்கென்று வேலியோரமாகத் தனி வரிசை ஒன்றை வைத்திருப்பதே சிறந்தது.

நீர் இறைத்தலும் நிலாவரைக் கிணறும்

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. திருவிழாக் காலம் மழையற்ற காலம். குடாநாட்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்துவிடுகின்றது. ஆடி, ஆவணியிற் கிணறுகளின் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும். தேவையைக் கண்டு தோட்டப் பரப்பை இருமடங்காக்கி இரவும் பகலும் இயந்திரத்தால் இறைப்பவர், அவ்வாண்டு இலாபம் காணலாம். பின்னர் அவர் கிணற்று நீரை நாவில் வைத்துப் பார்க்க வேண்டி நேரும்.

இதனைப் புரிந்துகொள்ள, வெளியூரார் பார்க்க வரும் நிலாவரைக் கிணற்றையே பாடமாகக் கொள்ளலாம். புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியில் உள்ள இக்கிணறு அடியில்லாதது என்பது ஊர்வழக்கு. அளந்தவர்கள் அடியைக் கண்டுள்ளனர். வியப்பு ஆழத்தில் அன்று. மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் இருப்பதிலேயே உள்ளது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லாலானது. மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கடலிலிருந்து உள்நுழைந்த உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரம் குறைந்தது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. அதனையே மறுபுறமாகப் படித்தல் வேண்டும். இறைப்பினால் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிற்குமாயின், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி எழும்ப இடமுண்டு. மேலே சிறிதாகத் தோன்றும் இழப்பு கீழே பெரிதாகின்றது. உவர்நீர் ஏறிய கிணறு ஒரு மாரியிலே திருந்தும் என்று நம்பியிருத்தல் கூடாது.

ஆகவே திருவிழாப் பயிருக்குப் புதிய பரப்பு வெட்டுதல் வேண்டாம். இருக்கும் பரப்பிற் புகையிலை, வெங்காயம் எடுத்த நிலத்தையே மரக்கறிக்கு மாற்றுக. காலையிற் சிறிது நேரமும் மாலையிற் சிறிது நேரமும் இறைத்து, இடையில் ஊற்று ஊற விடுக. கிணற்றை மேலும் ஆழமாக்குதல் உவர்நீரை விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும். முன்னோர் செம்மண் தோட்டங்களிற் பனையோலையும் பூவரசங் குழையும் தாழ்த்தியது பசளைக்காக மாத்திரம் அன்று. அவ்வாறு தாழ்த்திய மண் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். இரண்டு இறைப்புக்கு இடையே ஒரு நாள் கூடுதலாகக் கிடைப்பினும் அது பெரிய ஆதாயமே.

யூரியாவைப் பற்றியும் ஒரு சொல். செம்மண் நீரை விரைவில் கீழே விட்டுவிடும். நீருடன் பயிர் கொள்ளாத நைத்திரேற்றும் கிணற்றை அடையும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கு ஆபத்து உண்டு. தோட்டத்துக் கிணறும் வீட்டுக் கிணறும் ஒரே நீரில் நிற்கின்றன என்பதை மறத்தல் கூடாது.

வயலின் பணி

வழுக்கையாற்று நெல்வயல்கள் மழையை நம்பியவை. ஆண்டில் ஒரு போகமே தருபவை. நெல்லின் ஆதாயம் தோட்டத்தின் ஆதாயத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆதலால் வயலைத் தரிசாக விடுவதும், மண் கொட்டி நிரப்பி வீடோ விடுதியோ கட்டுவதும் காணப்படுகின்றன. ஆனால் வரம்பு கட்டி மழைநீரை மறித்து வைக்கும் வயல், நெல்லை விளைவிப்பதோடு நிலத்தடிக்கு நீரும் ஊட்டுகின்றது. ஆற்றோடு தொடர்ந்துள்ள குளங்களின் பணியும் அதுவே. அராலியில் உள்ள தடுப்பணை உவர்நீரை உள்ளே விடாது காத்து, நன்னீரைக் கடலுக்கு விரையாது தடுக்கின்றது. எனினும் மேலே வயல்கள் நிரப்பப்பட்டால் அணைக்கு வந்து சேரும் நீர் வெள்ளமாகவே வந்து போய்விடும். நெற்கமக்காரர் வரம்பை உயர்த்தினால் அயலிலுள்ள தோட்டக்காரரின் கிணறு ஊறும். இருவரும் ஒரே குடும்பத்தவராக இருப்பதும் இப்பகுதியில் வழமையே.

நெல்லுக்கும் வருவோரிடையே ஓர் இடம் உண்டு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களின் சிவப்பரிசியை வெளிநாட்டிலிருந்து வருவோர் பெயர் சொல்லிக் கேட்கின்றனர். விளைவு குறைந்த இவ்வினங்களை முழு வயலிலும் இட வேண்டியதில்லை. நான்கைந்து பரப்பில் தனியாக விதைத்து, கலப்பில்லாமல் அறுத்து, புழுக்கிக் குத்தி வைத்திருப்பின் தையில் அறுத்த நெல் ஆடியில் விலைபோகும். கலப்பு நெல்லுக்கு அவ்விலை ஒருபோதும் கிடையாது.

விற்பனை

நல்லூரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே செல்லும் பயணி இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் ஆகிய இடங்களைக் கடந்து கந்தரோடைக்குத் திரும்புகின்றார். அங்கே வயல்கள் சூழ்ந்த பனங்காணியிற் சிறு தூபிகள் பல உள்ளன. 1917 முதல் 1919 வரை போல் பீரிஸ் அவர்கள் அவ்விடத்தை ஆராய்ந்தார். உரோம நாணயங்களும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பிறநாட்டார் வந்துபோன இடம் அது. பின்னர் பயணி கீரிமலைக் கேணிக்குச் சென்று, கடலோரத்தில் நன்னீர் ஊறுவதைக் கண்டு வியக்கின்றார். (நிலாவரையைக் கண்டவர் அவ்வளவு வியக்கமாட்டார்.) இவ்வழியெங்கும் அவர் தாகத்துடனும் பையிற் பணத்துடனும் செல்கின்றார், இளநீரோ கதலிப்பழமோ கமக்காரர் கையால் வாங்குவதற்கு இடம் அரிது.

சந்தைக்குக் கொண்டுசெல்லும் மரக்கறியில் நிறையின் ஒரு பங்கைக் கழிவென்று கழித்துக்கொள்ளும் வழக்கம் குடாநாட்டில் நெடுங்காலமாக முறையீட்டுக்கு இடமாகியுள்ளது. கழிவைத் தவிர்க்கும் வழி, விளைந்ததில் ஒரு பகுதியையாவது உண்பவருக்கு நேரே விற்பதாகும். கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தற்காலிகக் கடைகளுக்குரிய இடங்களை யாழ்ப்பாண மாநகர சபை வழங்குகின்றது. அதன் செலவைத் தனி ஒருவர் தாங்குதல் கடினம். பத்துக் கமக்காரர் ஒன்றுகூடி ஓரிடம் பெற்று, முறைவைத்துக் கடை பார்ப்பின் தோட்ட வேலையும் கெடாது. கமக்காரர் அமைப்பின் பெயரால் கேட்பது இன்னும் எளிது.

எதனை விற்பது என்பதிலும் சிந்தனை வேண்டும். வெளிநாடு திரும்புவோர் பச்சைக் காய், பழம், விதை ஆகியவற்றைக் கொண்டுசெல்வதைப் பல நாடுகள் தடுக்கின்றன. சில நாடுகள் அரிசியையும் தடுக்கின்றன. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை அவர்கள் இங்கேயே உண்ண வேண்டும். அதன் பெரும்பருவமும் ஆவணிக்குமுன் கழிந்துவிடும். ஒடியல், பனங்கட்டி, மோர்மிளகாய், வறுத்திடித்த மிளகாய்த்தூள் ஆகியன பயணத்திற்குத் தக்கவை. அரைக் கிலோவிற்கு மேற்படாத பொதிகளாகக் கட்டுக. பொதியின்மேற் பெயர், நிறை, விலை, செய்த திகதி, காலாவதித் திகதி, செய்தவர் முகவரி ஆகியன இருத்தல் வேண்டும். தொடங்குமுன் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காண்க. பனம்பழம் விழும் காலமும் இதுவே ஆதலின், பனங்காய்ப் பணியாரம் கடையிலேயே சுட்டு விற்கத்தக்கது.

ஒன்றுவிட்ட நாள் பறிக்கும் வெண்டிக்கும் பயிற்றைக்கும் பூச்சிநாசினி தெளிப்பது எவ்வாறு பொருந்தும் என்பதைக் கமக்காரரே எண்ணிப் பார்க்கலாம். போத்தலின்மேல், தெளித்தபின் ஏழு நாள் அல்லது பதினான்கு நாள் பறித்தலாகாது என்று அச்சிடப்பட்டிருக்கும். காய்க்கத் தொடங்கியபின் அதனைக் கையிலெடாதிருத்தலே முறை. லீற்றருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து வடித்த சாற்றை மாலையில் தெளித்தல் பல பூச்சிகளை அடக்கும். விரதமிருப்பவர் உண்ணும் கறி அது.

திருவிழாவிற்குப் பின்

2023 ஆம் ஆண்டிற்போலத் திருவிழா பிந்தும் ஆண்டுகளில், தீர்த்தம் செப்டெம்பர் நடுவில் வரும். அப்பொழுது காலபோகப் புழுதி விதைப்பும் மரக்கறிப் பறிப்பும் ஒரே நாள்களில் மோதும்; கூலியாள் கிடைப்பது அரிதாகும். அத்தகைய ஆண்டில் வயலின் முதல் உழவையும் வரம்பு கட்டலையும் கொடியேற்றத்திற்கு முன்னரே முடித்துக்கொள்ளல் வேண்டும். திருவிழா முந்தும் ஆண்டில் இவ்விடர் இல்லை. எவ்வாண்டாயினும், பறிப்பு முடிந்த செடிகளைப் பிடுங்கி நோயற்றவற்றைத் தோட்டத்தில் தாழ்த்தி, நோயுற்றவற்றை எரித்து, ஆற்றுக்குச் செல்லும் வாய்க்காலிலுள்ள குப்பையையும் பொலித்தீனையும் ஐப்பசி மழைக்கு முன் அகற்றுக. விதைநெல், நாற்றுமேடை ஆகியவை பற்றிய ஐயங்களைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், வாய்க்கால் பற்றியவற்றைக் கமநல சேவை நிலையத்திலும் கேட்டறியலாம்.