குற்றச்சாட்டு வேற, குற்றம் வேற

லேப்ல வோல்ட் எழுத வேண்டிய இடத்துல ஆம்பியர்னு எழுதினா என்ன ஆகும்? எண் சரியா இருந்தாலும் விடை தப்புதான். ஒருத்தர் மேல சொல்லப்படுற குற்றத்தைப் பத்திப் பேசும்போது மட்டும் இந்தக் கவனம் நமக்கு ஏன் வர்றதில்ல நண்பர்களே?

நம்ம பக்கத்து உதாரணமே இருக்கு. பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் 1996, 1999, 2004 தேர்தல்களில் வென்றவர் ஆ. இராசா. அவர் மத்திய அமைச்சராக இருந்தபோது நடந்த 2ஜி ஒதுக்கீட்டைப் பத்தி, "1.76 லட்சம் கோடி ஊழல்" என்ற வரி பெரம்பலூர், அரியலூர் டீக்கடை வரைக்கும் வந்தது.

அந்த எண் 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையில் இருந்தது. அதில் இருந்த சொல் 'ஊழல்' இல்ல, 'உத்தேச இழப்பு'. வேறு விலைக்கு விற்றிருந்தால் அரசுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற கணக்கு அது. அதே அறிக்கையில் வேற முறையில் போட்ட கணக்கு 57,666 கோடி. சிபிஐ குற்றப்பத்திரிகையில் சொன்ன இழப்பு 30,984 கோடி. லஞ்சம் என்று சிபிஐ சொன்ன தொகை 200 கோடி. நாலும் நாலு விஷயம். நாம எல்லாத்தையும் ஒரே சொல்லுக்குள்ள போட்டுட்டோம்.

அடுத்தது, ஆளைக் குறிக்கிற சொல். 2011 பிப்ரவரி 2 அன்று அவர் கைதானார். அன்றிலிருந்து தீர்ப்பு வரை அவர் 'குற்றம் சாட்டப்பட்டவர்'. 'குற்றவாளி' என்று சொல்ல நீதிமன்றத்தால் மட்டும்தான் முடியும். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிபதி ஓ.பி. சைனி எல்லோரையும் விடுதலை செய்தார். வதந்தியும் ஊகமும் உருவாக்கிய எண்ணத்தை நம்பித்தான் பலரும் பேசினார்கள் என்றும் தீர்ப்பில் எழுதினார். சிபிஐ மேல்முறையீடு செய்தது. 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றது.

"விடுதலை ஆயிட்டார், அப்போ ஒதுக்கீடு சரிதானே?" என்று கேட்டா, அதுவும் அவசரம்தான். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. ஒதுக்கிய முறை சரியா என்பது ஒரு கேள்வி. ஒரு ஆள் குற்றம் செய்தாரா என்பது வேற கேள்வி.

புகார் கொடுத்தவங்களுக்கும் இதே நியாயம் வேணும். 'நிரூபிக்கப்படவில்லை' என்றால் 'பொய்ப் புகார்' என்று அர்த்தம் இல்ல. இரண்டையும் ஒண்ணாக்கினா, அடுத்து புகார் கொடுக்க வர்றவங்க வாயையும் சேர்த்து அடைச்சிடுவோம்.

அடுத்த தடவை கிளாஸ் குரூப்ல யாரோ ஒருத்தர் பேர் வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இதைச் சொல்றது யார்? புகாரா, வழக்குப்பதிவா, குற்றப்பத்திரிகையா, தீர்ப்பா? தீர்ப்புன்னா, மேல்முறையீடு இருக்கா? பதில் தெரியலன்னா அனுப்பாதீங்க. அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு குடும்பம் இருக்கு, புகாருக்குப் பின்னாடியும் ஒரு குடும்பம் இருக்கு.