சைவ உணவு பயிற்றும் முறை

நம் நாட்டுத் தமிழ் வழக்கிலே சைவம் என்னுஞ் சொல் ஒரு சமயத்தையும் ஓர் உணவையும் ஒருங்கே குறிக்கின்றது. "இன்று எங்கள் வீட்டிற் சைவம்" என்று ஒரு சிறுவன் கூறின், அவன் சித்தாந்தம் பேசுகின்றானல்லன். அன்று தன் வீட்டில் மச்சம் சமைக்கவில்லை என்கின்றான். ஆதலால், சைவநெறி கற்பிக்கும் ஆசிரியர் எவரும், தாம் கருதினும் கருதாவிடினும், மாணாக்கரது உண்கலத்தைப் பற்றியும் கற்பிப்பவராகின்றார். அதனை எம்முறையாற் கற்பித்தல் தகும் என்பதே இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருவழியில் உள்ளது எமது புசல்லாவை. மலைநாட்டுக் கரட்டும் கோவாவும் லீக்சும் ஏற்றிய லொறிகள் நாடோறும் எமது கடைத்தெரு வழியே கண்டிக்கும் கொழும்புக்கும் இறங்குகின்றன. ஆயினும், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து எம்மிடம் பயில வரும் பிள்ளைகளிற் பலர் வீட்டில் உண்பது காலையிற் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலிற் சோறும் நீர்த்த பருப்பும், இரவில் எஞ்சியது. ஆட்டிறைச்சி தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வரும். இடைநாளில் வரும் மச்சமென்பது ஒரு பிடி நெத்தலியும், ஒரு துண்டு கருவாடும், சம்பலில் இடித்துச் சேர்த்த மாசியுமேயாம். குளிர்ப்பெட்டியில்லாத லயத்து அறையிற் கெடாது நிற்பதும், சிறிதளவே பலருடைய சோற்றுக்குச் சுவை தருவதும் அவையே. ஆகவே இவ்வுணவு பெரும்பாலும் மரக்கறியுணவே. எனினும் அது விரும்பி மேற்கொண்ட நோன்பன்று. வருவாய் வகுத்த அளவு. இல்லாமையால் உண்ணாதிருத்தல் வேறு. வேண்டாமென்று உண்ணாதிருத்தல் வேறு.

இருபதாண்டுகளுக்கு முன் யாம் இவ்வேற்றுமையை உணராது பிழைசெய்தோம். யாம் இளமையில் ஒரு மிஷன் பாடசாலையில் விடுதியிலிருந்து பயின்றவர். வெள்ளிக்கிழமைகளில் மச்சத்தை ஒதுக்கிய எம்மைத் தோழர் சிலர் நகைத்ததுண்டு. அந்நகைப்பு எம்முள்ளத்தில் ஒரு வீம்பை வளர்த்தது. ஆசிரியரான பின், ஒரு கந்தசட்டிக் காலத்திற் புலாலுண்ணலின் தீமையைக் கடுஞ்சொற்களாற் பேசினோம். ஏழாம் வகுப்பு மாணவியொருத்தி அதனை மெய்யாகவே ஏற்று, நெத்தலியையும் முட்டையையும் அன்றே விட்டாள். சில மாதங் கழித்துக் காலை வழிபாட்டு வரிசையில் மயங்கி வீழ்ந்தாள். குருதிச்சோகை என்றார் மருத்துவர். அந்நோய் முன்னமே அவளிடத்து இருந்தது. எமது அறிவுரை அதனை மிகுவித்தது. யாம் அவள் வீட்டுக்குச் சென்றபோது, கொழுந்து கொய்து மீண்டிருந்த அன்னையார் எம்மைச் சினந்தாரல்லர். "விடச் சொன்னீர்கள், சேர், பிள்ளை விட்டுவிட்டது. அதற்குப் பதிலாக என்ன கொடுக்கச் சொல்கிறீர்கள்?" என்று மட்டும் வினவினார். அவ்வினாவுக்கு அன்று எம்மிடம் விடையில்லை.

நம் முன்னோரோ இவ்வாறு பிழைத்தாரல்லர். 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெசுலியன் மிஷன் பாடசாலையிற் பயின்று அங்கேயே ஆசிரியராயுமிருந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர், சிறுவர்க்கென எழுதிய பாலபாடத்திற் கொலையையும் புலாலுண்ணலையும் கடிந்தார். அவரே, 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். கொல்லாமையைத் தலையான அறமெனக் கொண்ட இராமலிங்க சுவாமிகள் 1867இல் வடலூரில் முதற்கண் அமைத்தது சத்திய தருமச்சாலை. அங்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது சோறிடுகின்றது. புலாலை விலக்கச் சொன்ன பெரியோர் இருவரும் உலையும் ஏற்றினர் என்பது ஆசிரியர் மறவாது நினைத்தற்குரியது.

காந்தியடிகளின் வரலாறும் இதனையே காட்டும். 1888இற் சட்டம் பயில இலண்டனுக்குச் சென்ற அவர், புலால் உண்ணேன் என்று அன்னையார்க்கு அளித்த வாக்கினைக் காத்து, உண்பதற்குத் தக்கது காணாது பலநாள் அரைவயிற்றோடு அலைந்தார். பாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவுச்சாலையைக் கண்ட அன்றே வயிறார உண்டார். அங்கு விற்பனைக்கிருந்த ஹென்றி சால்ட் என்பவரது நூலை வாங்கிப் படித்த பின்னரே, வாக்குக்காகக் காத்த நெறியைத் தம் விருப்பாற் கொண்டார். உறுதி முன்னரே இருந்தது. உணவும் அறிவும் வந்து சேர்ந்தபின் அது நிலைத்தது.

நம் பிள்ளைகளின் நிலையையும் எண்ணுக. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களிற் பலர் பட்டினியால் மாண்டனர். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். இத்தகைய கலத்திலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்பவர், முதலில் ஒன்றை வைக்கச் சொல்லுதல் வேண்டும். அம்முறை வருமாறு.

முதலாவது, வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குக. அன்று மச்சம் விலக்கும் வழக்கம் பல வீடுகளில் ஏற்கெனவே உண்டு. ஆனால் நெத்தலியை நீக்கி அவ்விடத்தில் வேறொன்றும் வையாமையால், சைவ நாள் குழந்தைக்கு வறிய நாளாகத் தோன்றுகின்றது. வாரத்தின் நல்லுணவு அன்றே அமையுமாறு பெற்றோர்க்கு எடுத்துரைக்க. அது நிலைத்தபின் செவ்வாயைச் சேர்க்க. பின்னர்க் கந்தசட்டி ஆறுநாளையும் திருவெம்பாவைப் பத்துநாளையும் சேர்க்க. இவ்வளவிலேயே ஆண்டில் நூறு நாளுக்கு மேல் மரக்கறி நாளாகிவிடும்.

இரண்டாவது, விலக்கும் நாளில் ஒரு பயறுவகை தவறாது இருத்தல் வேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் குறைந்துள்ள புரதக்கூறு பயறு, கௌபி, கடலை, பருப்பு, சோயா என்பவற்றில் நிரம்ப உண்டு. சோற்றொடு சேருங்கால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். முதல்நாளிரவே ஊறவைத்தால் விறகும் வேளையும் மிஞ்சும். பருப்பை நீர்த்துப் பெருக்காது, கெட்டியாகக் கடைந்து கொடுக்க.

மூன்றாவது, குருதிக்குரிய இரும்புச்சத்தை நினைக்க. மீனிலும் இறைச்சியிலும் உள்ளது போல மரக்கறியிலுள்ள இரும்பு எளிதில் உடலிற் சேராது. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிதலும், உணவோடு கொய்யாப்பழம் உண்டலும் அது சேர்தற்கு உதவும். தேயிலை நம் மக்களின் பிழைப்பு. ஆயினும் உணவோடு பருகுந் தேநீர் இரும்பு சேர்வதைத் தடுக்கும். உண்டு ஒருமணி நேரங் கழித்துப் பருகுக.

நான்காவது, பி12 என்னும் உயிர்ச்சத்து கீரையிலும் பயற்றிலும் இல்லை. பாலிலும் தயிரிலும் முட்டையிலும் உண்டு. முட்டையை விலக்குவோரும் கொள்வோரும் நம்முள் உளர். வளரும் பிள்ளையின் கலத்திலிருந்து முட்டையை நீக்குமுன், அவ்வீட்டுக்குப் பாலோ தயிரோ நாடோறும் வருமோவெனக் கேட்க. வாராதாயின், முட்டை நிற்க. கருவுற்றாரும் பாலூட்டுந் தாயரும் குருதி குறைந்தாரும் மருத்துவரைக் கேளாது உணவை மாற்றவேண்டா.

ஐந்தாவது, சுவையை இகழற்க. மாசியில்லாச் சம்பல் சப்பென்றிருக்கிறது என்னும் பிள்ளை பொய் கூறவில்லை. செத்தல் மிளகாயைச் சுட்டு, வறுத்துப் பொடித்த நிலக்கடலையைத் தேங்காய்ப்பூவோடும் சின்ன வெங்காயத்தோடும் இடித்துத் தேசிப்புளி விட்டாற் குறை பெரிதும் நீங்கும். நாவுக்கு இனியதே நாளும் நிலைக்கும்.

இனி வகுப்பறையில் ஒழுகுமாறு ஒன்று கூறுவாம். "நேற்று மச்சம் உண்டவர் யார்?" என்று ஒருகாலும் வினவற்க. அவ்வினா ஏழைப் பிள்ளையை நாணச்செய்யும்; பிறமதப் பிள்ளையைப் புண்படுத்தும். எம்மை நகைத்த தோழர் செய்த பிழையை யாமே திருப்பிச் செய்ததாகவும் முடியும். "உங்கள் வீட்டிற் கௌபியை எவ்வாறு சமைப்பர்?" என்று வினவுக. ஒவ்வொரு பிள்ளையும் விடையளிக்கும், அவ்விடைகளே பாடமாகும். பழைய தகரங்களில் வல்லாரையும் பொன்னாங்காணியும் நடச் செய்க. லயத்து வாயிலிலும் அவை வளரும். உயிரிரக்கத்தைப் பற்றிய பாடத்தை அதன்பின் நடத்துக. பசியாறிய பிள்ளை இரக்கத்தை எளிதில் உணரும்.

மயங்கி வீழ்ந்த அம்மாணவி மருந்தாலும் உணவாலும் தேறினாள். முட்டையை மீண்டும் உண்டாள். நெத்தலியைத் தன் விருப்பால் விட்டாள். இன்று அவள் பிள்ளைகள் எம் பாடசாலையிற் பயில்கின்றனர். வெள்ளிக்கிழமை தோறும் அவர் கொணரும் கலத்திற் சோறும் கடைந்த பருப்பும் வல்லாரைச் சம்பலும் நிறைந்திருக்கின்றன. அன்னையார் அன்று வினவிய வினாவுக்கு யாம் அளிக்கவேண்டிய விடையை, அவர் மகளே அளித்துவிட்டாள்.

ஆசிரிய அன்பர்களே, சைவம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் பிள்ளைகளுக்கு நிறைந்த கலம் நினைவுக்கு வருமாறு செய்தல் நம் கடன். அதற்குத் திருவருள் துணைபுரிவதாக.