பழைய வண்டிக்குப் புதிய எண்ணெய் ஆகுமா?

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் குப்பத்தை அடுத்து உள்ளது குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியாகிய இப்பகுதியில் ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்றின் எல்லைகளும் நெருங்கி நிற்கின்றன. தக்காளியும் பூவும் பட்டுக்கூடும் விளையும் இந்த மேட்டு நிலத்தில், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பவை பிக்கப் என்று எல்லாரும் சொல்லும் சிறு சரக்கு வண்டிகளே. வேங்கடகிரிக்கோட்டை, பலமனேரி, மதனப்பள்ளி, கோலார் என்று இரவெல்லாம் ஓடி, விடியுமுன் சந்தையில் நிற்கவேண்டியவை அவை. மூன்று இலட்சம் கிலோமீட்டர் கடந்த பின்னும் அவற்றுக்கு ஓய்வில்லை. இரண்டாங்கை மூன்றாங்கையாக விலைபோய், புதிய உடைமையாளரின் கடனோடு சேர்ந்து மீண்டும் ஓடத் தொடங்குகின்றன.

இத்தகைய வண்டிகளைப்பற்றி ஒரு பேச்சு உண்டு. எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட, கியர் பெட்டியின் எண்ணெயை மட்டும் தொட அஞ்சுகிறார்கள். ‘இத்தனை நாள் ஓடிய வண்டி, பழைய எண்ணெய்க்குப் பழகிவிட்டது, புதியது ஊற்றினால் கியர் பெட்டி போய்விடும்’ என்பார்கள். கற்றவர்களும் இதை நம்புகிறார்கள். இது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அறிவியல் பயிலும் நாம் அவ்வளவு விரைவாகத் தீர்ப்புக் கூறலாகாது. பலர் பலகாலும் கண்டதாகச் சொல்லும் ஒன்றில் ஏதோ ஓர் உண்மை ஒளிந்திருக்கக்கூடும். அது எது என்று பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எண்ணெய் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியியலார் இரயில் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாகத் துளை வழியே மேலே பொங்கிற்று. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் அப்படியே ஆயிற்று. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே உள்ளிழுத்து, அழுத்தம் மிக்க ஒரு படலமாக்கி, அதன்மேல் மிதக்கிறது என்பது அப்போது புலனாயிற்று. 1886இல் ஆசுபோர்ன் ரெனால்ட்சு இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

இக்கணக்கைப் பற்சக்கரங்களுக்குப் பொருத்திப் பார்த்தபோது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. இரண்டு பற்கள் தொடும் இடம் ஒரு கோடு போன்று மெலிதானது. அங்கே வரும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு. அவ்விடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கவே முடியாது என்று 1916இல் மார்ட்டின் என்பவர் செய்த கணக்குக் காட்டிற்று. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடிய சக்கரங்களிலோ, பட்டறையில் கடைந்த கோடுகள்கூட அழியாமல் இருந்தன! விடை 1940களில் சோவியத் நாட்டு அறிஞர்களான எர்ட்டெல், கிரூபின் ஆகியோரின் ஆய்வில் கிட்டியது. அத்துணை அழுத்தத்தில் எண்ணெய் எண்ணெயாக இருப்பதில்லை. கணப்பொழுதுக்கு ஏறத்தாழ ஒரு திண்பொருள்போல் இறுகிவிடுகிறது. எஃகும் அவ்விடத்தில் சற்றே தட்டையாகிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு மைக்ரானுக்கும் குறைந்த படலத்தைக் காக்கின்றன. பல் நகர்ந்ததும் எண்ணெய் மீண்டும் நீர்மமாகிவிடுகிறது. வண்டி ஓடும்போது நொடிதோறும் பல நூறு முறை நடைபெறும் இந்நிகழ்ச்சியைக் காட்டிலும் வியத்தற்குரியது எஞ்சினில்கூட இல்லை என்பது என் கருத்து.

படலம் ஒரு மைக்ரான்கூட இல்லை என்றால், அதைவிடப் பெரிய இரும்புத் துகள் ஒன்று உள்ளே மிதந்தால் என்னாகும்? அது படலத்தைக் கிழித்துப் பல்லைக் கீறும். கீறலிலிருந்து மேலும் துகள் உதிரும். எஞ்சினுக்கு எண்ணெய் வடிகட்டி உண்டு. நம் பிக்கப் வண்டிகளின் கையால் மாற்றும் கியர் பெட்டிக்கோ பெரும்பாலும் அஃது இல்லை. உதிர்ந்தவை யாவும் உள்ளேயே சுழல்கின்றன. பழைய எண்ணெயின் முதற்குற்றம் இதுதான். வெப்பத்தால் ஆக்சிசனோடு சேர்ந்து கெட்டியாவதும், பல்லைக் காக்கச் சேர்த்திருந்த கந்தக பாசுபரச் சேர்மங்கள் தீர்ந்துபோவதும் அடுத்தவை.

சித்தூர்ச் சாலையில் மொகிலி மலைச்சரிவை அறிந்தவர்களுக்கு இவ்வேலையின் கடுமை விளங்கும். பலமனேரி மேட்டு நிலம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. சித்தூர் அதில் பாதி உயரங்கூட இல்லை. சுமையோடு இறங்கும்போது பிரேக்கைக் காக்கத் தாழ்ந்த கியரிலேயே இறங்கவேண்டும். அப்போது வண்டியே எஞ்சினைச் சுழற்றுகிறது. பற்களின் மறுபக்கம் சுமை தாங்குகிறது. எண்ணெய் சூடேறுகிறது, இளகுகிறது.

இனி அந்தப் பேச்சுக்கு வருவோம். அதில் மூன்று செய்திகள் பின்னிக் கிடக்கின்றன.

ஒன்று, காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நன்றாக ஓடும் வரையில் கியர் எண்ணெயை எவரும் நினைப்பதில்லை. கியர் விழ மறுக்கும்போது, அல்லது ஓடும்போதே கியர் கழன்று குதிக்கும்போதுதான் ‘எண்ணெய் மாற்றிப் பார்ப்போம்’ என்கிறார்கள். தேய்ந்த எஃகை எண்ணெய் வளர்த்துத் தராது. அடுத்த மாதம் பெட்டி உடைகிறது; பழி எண்ணெயின்மேல் விழுகிறது. நலமாய் ஓடிய நாளிலேயே எண்ணெய் மாற்றப்பெற்று மேலும் பல்லாண்டு ஓடிய வண்டிகளைப்பற்றி எவரும் கதை சொல்வதில்லை. அதில் கதை ஏதும் இல்லையன்றோ?

இரண்டாவதில் சிறிது உண்மை உண்டு. கெட்டியான பழைய எண்ணெய் தேய்ந்த பற்களின் ஓசையை அமுக்கி வைத்திருக்கும். தேய்ந்த சீலின் விளிம்பில் படிந்த அழுக்கு ஒழுக்கை அடைத்திருக்கும். தன் அளவான பாகுநிலையோடு புதிய எண்ணெய் உள்ளே சென்றதும் ஓசை கேட்கிறது, சொட்டும் தொடங்குகிறது. இவை புதிதாக வந்த நோய்கள் அல்ல, மறைந்திருந்தவை வெளிப்பட்டன. ஆனால் சீலை மாற்றக் கையில் பணமில்லாத உடைமையாளருக்கு இவ்வேறுபாடு பெரிய ஆறுதல் ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆதலின் எண்ணெய் வாங்கும்போதே சீலுக்கும் ஒரு தொகை ஒதுக்கி வைப்பது நல்லது.

மூன்றாவது, அயல்நாட்டிலிருந்து வந்த செய்தி. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்சுமொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கிக் கியர் வந்தது. அத்தகைய பெட்டியில் எண்ணெய் மசகு மட்டும் அன்று. அழுத்தத்தைக் கொண்டுசெல்வதும், கிளட்ச் தட்டுகளின் பிடிப்பை நெறிப்படுத்துவதும் அதுவே. இப்பிடிப்பு சரியாய் அமைவதற்காக எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைக்கூட அதில் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்தபின் வேறு சேர்மங்கள் தேட நேர்ந்தது. தேய்ந்த தானியங்கிப் பெட்டியில் எண்ணெய் மாற்றினால் பிடிப்பு மாறுபடக்கூடும் என்ற அச்சத்துக்கு அங்கே ஓரளவு இடம் உண்டு. கையால் கியர் மாற்றும் நம் பிக்கப்பில் கிளட்ச் பிளேட் எண்ணெயில் நனைவதே இல்லை. எனவே அவ்வச்சத்தை இங்கே இறக்குமதி செய்வது பொருந்தாது.

உண்மையான கேடு பிறிதோர் இடத்தில் இருக்கிறது. கடையில் ‘90 எண்ணெய்’ என்று கேட்டால் கையில் எட்டியதைத் தருவார்கள். 90 என்பது பாகுநிலையை மட்டுமே குறிக்கும்: 100 பாகை செல்சியசில் 13.5க்குக் குறையாமலும் 18.5க்கு உட்பட்டும் உள்ள செண்டிஸ்டோக். சேர்மங்களின் வலிமையைக் குறிப்பது ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்னும் எழுத்துகள். பின் அச்சிலுள்ள கிரவுன் பினியன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்பவை. அவற்றுக்குக் கந்தகம் மிகுந்த ஜி.எல்.-5 வேண்டும். கியர் பெட்டியிலோ, கியர் இசைவாக விழ உதவும் சின்க்ரோ வளையங்கள் பலவற்றில் பித்தளையால் ஆனவை. வெப்பத்தில் வினைபுரியும் கந்தகம் செம்பைத் தாக்கும் என்பது வேதியியல் மாணவர் அனைவரும் அறிந்தது. அச்சுக்கு வாங்கியதில் மிஞ்சியதைப் பெட்டியிலும் ஊற்றிவிட்டு, சில மாதங்களில் கியர் முனகத் தொடங்கினால், ‘புதிய எண்ணெய்தான் கெடுத்தது’ என்பது உண்மையே ஆகிவிடும்! எது வேண்டும் என்பதை வண்டியின் கையேடே சொல்லும். அதற்கு மேல் வேறு தீர்ப்பு இல்லை.

மாற்றும் முறை கடினமன்று. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கவேண்டும். குளிர்ந்த எண்ணெய் இறங்காது. அழுக்கும் அடியிலேயே தங்கிவிடும். மட்டமான தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே அடியில் போகவேண்டும். முதலில் கழற்றவேண்டியது எண்ணெய் ஊற்றும் மேல் போல்ட். இதைப் பலர் கருதுவதில்லை. வடிக்கும் போல்ட்டைத் திறந்து எல்லாம் ஒழுகிய பின், மேல் போல்ட் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். ஏற்றிய தக்காளி காத்திருக்காது.

வடிந்த எண்ணெயை உடனே அப்புறப்படுத்தாமல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மருத்துவர் இரத்தத்தைப் பார்ப்பதுபோல இது. போல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசைபோன்ற மென்தூள் இருந்தால் கவலை இல்லை. அது இயல்பான தேய்வு. விரலில் குத்தும் செதில்கள் இருந்தால் ஏதோ ஒரு பல்லோ பேரிங்கோ உடைகிறது. எண்ணெயில் பொன்னிறப் பொடி மின்னினால் பித்தளை வளையங்கள் தேய்கின்றன. மோர்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. பெட்டியின் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று நோக்கவேண்டும். செதில் கண்ட வண்டியை எண்ணெய் ஊற்றி மூடிவிட்டு மொகிலிச் சரிவில் இறக்குவது அறிவுடைமை ஆகாது.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. மூலைகளில் தங்கும் மண்ணெண்ணெய் புதிய எண்ணெயை இளக்கி, நாம் மேலே கண்ட மெல்லிய படலத்தையே கெடுக்கும். மிகவும் அழுக்காயிருந்தால், சரியான எண்ணெயையே ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு முறை மாற்றலாம். செலவு கூடும், ஆனால் கேடில்லை. போல்ட்டுக்குப் புதிய வாஷர் இட்டு, மேல்துளையின் விளிம்பில் எண்ணெய் வழியும் வரை கைப்பம்பால் ஏற்றி மூடவேண்டும். துளைக்கு மேல் அடைக்க முயன்றால் மிகுதி எண்ணெய் நுரைத்து, சீலைத் தள்ளிக்கொண்டு கிளட்ச் பிளேட்டின்மேல் போகும்.

வடித்த எண்ணெயைப் பட்டறையின் பின்புறம் மண்ணில் ஊற்றுவதும், கறையானுக்காக மரத்தில் பூசுவதும் ஊர்தோறும் காணும் காட்சி. குடுபல்லிப் பக்கம் குடிநீரும் பாசன நீரும் பெரிதும் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியவை. அடியில் உள்ளதோ கருங்கல். அதன் வெடிப்புகளில் தேங்கும் நீரில் கலந்த எண்ணெயை எவராலும் திரும்ப எடுக்க முடியாது. 2016ஆம் ஆண்டு இடர்க்கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய், பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேரவேண்டிய பொருள். சிறு பட்டறைக்கு அவர்கள் தேடி வரமாட்டார்கள் என்பது மெய்தான். ஆயினும் மூடிய டின்னில் சேர்த்துவைத்தால், எஞ்சின் எண்ணெய் எடுக்க வருபவரிடம் இதையும் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. மாற்றிய நாளையும், அன்று மீட்டர் காட்டிய கிலோமீட்டரையும், ஊற்றிய எண்ணெயின் தரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஓட்டுநர் கதவின் உட்புறம் ஒட்டிவிடவேண்டும். வண்டி அடுத்த கைக்குப் போகும்போது, அதை வாங்குகிறவர் முதலில் தேடவேண்டியதும் அத்தாளையே.